அவரோடு எனக்குக் கதையில்லை

வீட்டுக்கார அன்ரி என்னோடு கதைப்பதை நிறுத்திய நாளில்தான் அந்த வீட்டில் எனக்கு மிக நல்ல சாப்பாடு கிடைத்தது. பாரைமீன் குழம்பு, முருங்கையிலை வறை, பொரித்த மிளகாய். மேசையில் கொண்டுவந்து வைத்தார். நான் ஏதோ கேட்டேன். காதில் விழாதவர்போலக் குசினிக்குள் திரும்பிப் போனார். தேத்தண்ணி நேரத்துக்குத் தேத்தண்ணி வந்தது. வாயிலிருந்து கதை வரவில்லை.

அடுத்த வீட்டுப் பெண் சொல்லித்தான் காரணம் தெரிந்தது. அன்று காலையில் பிந்தி வந்த ஆட்டோக்காரரை வாசலில் நின்று ஏசியிருந்தேன். பின் ஆசனத்தில் பள்ளிக்கூடச் சீருடையோடு அவருடைய சின்ன மகள் இருந்ததை நான் கவனிக்கவில்லை. அன்ரி கவனித்திருக்கிறார். மறுநாள் அந்தப் பிள்ளைக்கு முன்னாலேயே ஆட்டோக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். பின்னேரம் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன், குசினிக்குள்ளிருந்து குரல் வருகிறது.

"பிள்ளை, இந்தச் சொதிக்கு உப்புக் காணுமோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

அவ்வளவுதான். நடந்ததைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை.

நான் தோப்பூர்க்காரி, முஸ்லிம். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் சரியாக வருமென்பதால் திருகோணமலையில் மொழிபெயர்ப்பு வேலை கிடைத்து, துறைமுகப் பக்கத்தில் அன்ரியின் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். கலியாணம் முடித்துப் போகும்வரை அங்கேதான். அன்ரி கணவரை இழந்தவர், தனியாக இருந்தவர். முதல் நாளே, "இறைச்சி எண்டால் உங்கட ஆக்களின்ட கடையிலதான் வேண்டுவன், யோசிக்காதேங்கோ," என்றார். தான் இறைச்சி சாப்பிடாதவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை அவருடைய படம் கைபேசி கைபேசியாகச் சுற்றியதே போதும்.

யார் பிழை செய்தாலும் அன்ரி சண்டைக்குப் போகமாட்டார். கதையை விட்டுவிடுவார். "அவரோட எனக்குக் கதையில்லை," என்று ஒரு முறை சொல்வார். பிறகு அந்த மனிதர் பிழையைத் திருத்தும்வரைக்கும் அன்ரிக்கு அவர் இல்லாத ஆள்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் குளியலறைத் தண்ணீரை அன்ரியின் வளவுக்குள் திருப்பிவிட்டபோதும் இதுதான் நடந்தது. அந்த நேரம் அவருடைய மனைவி பிள்ளைத்தாய்ச்சி. அன்ரி அவரோடு கதையை விட்டார், மனைவிக்கு நாள்தோறும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்பினார். அந்த மனிதர் வேலிக்கு மேலால் கூப்பிடுவார், இருமுவார், பூனையோடு கதைப்பதுபோல அன்ரிக்குக் கேட்கக் கதைப்பார். ஒன்றும் சரிவரவில்லை. பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு ஆட்கள் வரப்போகிறார்கள், பலகாரத்துக்கு அன்ரிதான் வேண்டும் என்று மனைவி பிடிவாதமாக நின்றுவிட்டாள். மனிதர் மண்வெட்டியை எடுத்துக் குழாயைத் திருப்பிப் புதைத்தார். அன்ரி அன்றைக்கே போய்ப் பயற்றம் பணியாரத்துக்கு மா வறுத்தார்.

"ஏன் அன்ரி, கஞ்சியை நிப்பாட்டியிருந்தா கெதியா வழிக்கு வந்திருப்பாரே?" என்று கேட்டேன்.

"சோத்தை மறிச்சா வீட்டில உள்ள எல்லாருக்கும் பசிக்கும் பிள்ளை. கதையை மறிச்சா அவருக்கு மட்டும்தான் சுடும்."

இதை அவர் எங்கும் படித்துச் சொல்லவில்லை. போர்க்காலத்தில் இலங்கைத்துறைக் கிராமத்தில் இருந்தவர். அந்தப் பக்கத்துக்குச் சாமான் போகவிடாமல் அரசாங்கம் தடை போட்டிருந்த காலம். மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம், காய்ச்சல் மருந்து எல்லாவற்றையும் இராணுவச் சாவடியில் வைத்துப் பறித்துவிடுவார்களாம்.

"ஆயுதம் வைச்சிருந்தவைக்கு ஒண்டும் குறையேல்ல. அவைக்கு வாற வழியால வந்தது. என்ட பிள்ளைக்குத்தான் பால்மா இல்லை. கஞ்சியை வடிச்சுப் போத்திலில விட்டுக் குடுத்தனான். அவன் அதைக் குடிச்சிட்டு என்னைப் பாத்த பார்வை இருக்கே…"



தோற்றுப்போன ஒரு கதையும் உண்டு. அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். நகரத்தில் ஒரு மருந்துக்கடைக்காரர் திகதி முடிந்த மருந்தை விற்றிருந்தார். அன்ரி அவரோடு கதையை விட்டார். அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டுதான் போவார். நானே பார்த்திருக்கிறேன். கடைக்காரர் ஒரு நாளாவது தலையை நிமிர்த்திப் பார்த்ததில்லை.

"அவருக்கு நான் கோவமெண்டே தெரியாது பிள்ளை. எனக்கும் அவருக்கும் முதல்லயே கதையில்லையே!"

கஞ்சி குடித்து வளர்ந்த அந்த மகன் பெரியவனாகி, திருகோணமலைக்கு வந்து, படகுகளுக்கு வெல்டிங் செய்யும் இடமொன்றில் வேலை பார்த்தான். போர் முடிவதற்கு முந்திய காலம். ஒரு காலையில் வேலைக்குப் போகும் வழியில் வாகனமொன்றில் வந்தவர்கள் அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்ரி ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் துரத்தினார்கள். ஒரே ஒரு படை அதிகாரி மட்டும் கதிரை தந்து இருத்தி, முழுவதையும் கேட்டு, "பார்க்கிறேன் அம்மா," என்று சொல்லி அனுப்பினார்.

"ஏசிக் கலைச்சிருந்தா வேற இடத்தில போய்த் தேடியிருப்பன். மரியாதையாக் கதைச்சவர். அதால நம்பி அங்கயே போய்ப்போய் நிண்டனான்."

ஏற்றிக்கொண்டு போன பெடியன்களை வைத்திருந்ததே அந்த அதிகாரியின் பொறுப்பில்தான் என்று வெகுகாலம் கழித்து, தப்பி வந்த ஒருவர் சொன்னார். அதற்குள் அதிகாரி பதவி உயர்ந்து கொழும்புக்குப் போய்விட்டார். அன்ரி, காணாமற்போனவர்களைத் தேடுவோரின் வீதியோரப் பந்தலில் மற்றத் தாய்மாரோடு மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கத் தொடங்கினார். வெளிநாட்டுத் தூதரகங்களிலிருந்து யார் வந்தாலும் அந்தப் பெண்கள் திரும்பத் திரும்ப நடந்ததைச் சொன்னார்கள். சில வேளைகளில் நான்தான் மொழிபெயர்த்தேன்.

ஒரு பின்னேரம் விறாந்தையில் இருந்து கைபேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தவள், அந்த அதிகாரியின் பெயரைக் கண்டு நிமிர்ந்தேன். ஆட்களைக் காணாமலாக்கினார் என்று தூரத்து நாடொன்று அவர்மேல் தடை போட்டிருந்தது. அந்த நாட்டுக்குள் அவர் கால் வைக்க முடியாது. அங்கே சொத்தோ வங்கியில் பணமோ இருந்தால் முடக்கப்படும். அந்த நாட்டார் யாரும் அவரோடு கொடுக்கல்வாங்கல் வைக்கக்கூடாது. அன்ரிக்கு வாசித்துக் காட்டினேன். மீன் அரிந்துகொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"முழு நாட்டுக்குமோ தடை?"

"இல்லை அன்ரி. அவருக்கு மட்டும்தான்."

"அவருக்கு மட்டும்." அந்தச் சொல்லைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "அப்ப ஒரு நாடே அவரோட கதையை விட்டிட்டுது பிள்ளை!"

அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. அடுத்த நாள் கற்கண்டு வாங்கிக்கொண்டு பந்தலுக்குப் போனோம். பந்தலை நடத்தியவர் இறக்கக்கண்டியிலிருந்து வரும் ஒரு மீனவப் பெண். எல்லாரும் அவரை இறக்கக்கண்டி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். புருசனைத் தேடுகிறவர். அன்ரியைக் கட்டிப்பிடித்து, "இனி அவர் இறங்கி வரத்தானே வேணும்," என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

அவர் இறங்கி வரவில்லை. சில நாட்களில் தொலைக்காட்சியில் அவருக்கு மாலை போட்டார்கள். தடை தனக்குக் கிடைத்த பதக்கம் என்றார், சனம் கைதட்டியது. கொஞ்சக் காலத்தில் இன்னும் பெரிய பதவி ஒன்று வந்தது. அன்ரி ஒவ்வொரு முறையும் தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய் அவருடைய முகத்தைப் பார்ப்பார். எங்காவது சுட்டிருக்கிறதா என்று பார்ப்பதுபோல இருக்கும்.

"அவருக்கு அங்க காணி கீணி இருக்கோ?"

"தெரியாது அன்ரி."

"போய்வாறவரோ?"

"போனதா ஒரு இடத்திலயும் எழுதேல்ல."

ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டார். "பிள்ளை, என்ன செய்தா தடையை எடுப்பம் எண்டு அவை அவருக்குச் சொன்னவையோ?"

நான் தேடிப் பார்த்தேன். அந்த நாடு சொன்னதில் குற்றம் இருந்தது, தண்டனை இருந்தது. அவர் என்ன செய்தால் தண்டனை நீங்கும் என்று எங்கும் இல்லை.

"அப்ப அவருக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். "கதையை விடுறது திரும்பக் கதைக்கிறதுக்குத்தானே. குழாயைத் திருப்பு எண்டு ஒருத்தரும் சொல்லாட்டி மனிசன் எதைத் திருப்பிறது?"

அவருடைய தலைக்குள் ஒரு வேலை தொடங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது. அது என்ன வேலை என்று அந்த அதிகாரி திருகோணமலைக்கு வரப்போகும் செய்தி வந்தபோது தெரிந்தது. குடாவைப் பார்த்த ஹோட்டல் ஒன்றில் மீனவருக்கு வலை கொடுக்கும் நிகழ்ச்சி. அவர் பிரதம விருந்தினர். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் சத்தம் போடமாட்டன். ஒரு கதைதான் இருக்கு."

"அவரோட உங்களுக்குக் கதையில்லையே அன்ரி."

"ஓம். ஆனா ஆராவது சொல்லத்தானே வேணும்."

எனக்குப் பயம். அவருக்கு இல்லை. பந்தலுக்குப் போகிற வெள்ளைச் சேலையை உடுத்தாமல், நாள் விசேசத்துக்கு உடுத்துகிற நீலச் சேலையை உடுத்திக்கொண்டு வந்தார். நிகழ்ச்சி முடிந்து அதிகாரி ஆட்கள் சூழ வெளியே வரும் இடத்தில் நின்றோம். சீருடை இல்லை, சாதாரண வெள்ளைச் சேட்டு. அன்ரியைக் கண்டதும், "அம்மா," என்று தமிழில் சொல்லி நின்றார். அவருக்கு அன்ரியை நினைவில்லை. வயதான பெண் என்பதற்காக நின்றார்.

அன்ரி கையைக் கூப்பவில்லை. நேராகப் பார்த்துச் சொன்னார்.

"ஐயா, அந்த நாடு உங்களோட கதையை விட்டது எங்களாலதான். நாங்கள்தான் போய்ச் சொன்னனாங்கள். என்ட மகன் எங்க எண்டு சொல்லுங்கோ. உயிரோட இல்லையெண்டால் இடத்தைக் காட்டுங்கோ. அண்டைக்கே நான் போய்ச் சொல்லுவன், தடையை எடுங்கோ எண்டு. மற்றத் தாய்மாரையும் சொல்லவைப்பன். சத்தியமாச் சொல்லுறன்."

நான் ஒரு சொல்லும் குறையாமல் சிங்களத்தில் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். அவர் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். கோபப்படவில்லை. மெதுவாகச் சிங்களத்தில் சொன்னார், நான் அன்ரிக்குச் சொன்னேன்.

"அம்மா, அந்த நாட்டில் எனக்கு ஒரு துண்டு நிலம் இல்லை. நான் அங்கே போனதும் இல்லை, போக ஆசையும் இல்லை. உண்மையைச் சொன்னால், அதற்குப் பிறகுதான் என்னை எல்லா இடத்துக்கும் கூப்பிடுகிறார்கள்."

அதிகாரி புறப்படத் திரும்பினார். பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடி அன்ரியின் பக்கம் திரும்பினார். இந்த முறை குரல் வேறு.

"என் மகளுக்குத்தான் அடி விழுந்தது. அந்த நாட்டில் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. தகப்பன் நான் என்பதற்காக விசா இல்லை என்றுவிட்டார்கள். அறையைப் பூட்டிக்கொண்டு இருக்கிறாள். சாப்பிடுவதில்லை. மெலிந்துபோனாள். நீங்கள் சொல்கிற காலத்தில் அவள் நடைபழகிக்கொண்டிருந்த குழந்தை. அவள் யாருக்கு என்ன செய்தாள்?"

"என்னவாம்?" என்று அன்ரி என் கையைப் பிடித்தார். சொன்னேன்.

அவருடைய முகம் மாறியதைப் பார்த்தேன். "ஐயோ," என்றார். "பிள்ளைக்கோ? பிள்ளையை ஏன் மறிச்சவை?"

அதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. அதிகாரிக்கு விளங்கிவிட்டது. அவருடைய கண்கள் கலங்கியதும் உண்மைதான். நான் அரைக் கை தூரத்தில் நின்றேன். அன்ரியின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கூட நின்றவர்களிடம், "பாருங்கள், இந்தத் தாய்க்கு விளங்குகிறது," என்றார். கமரா வைத்திருந்த ஒருவன் அந்த நேரம் படம் எடுத்தான். வாகனம் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

ஆட்டோவில் வரும்போது அன்ரி வெகுநேரம் அந்தப் பிள்ளையைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார். சாப்பிடாமல் இருந்தால் குடல் புண்ணாகும் என்றார். வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போது சட்டென்று நிறுத்தினார்.

"பிள்ளை, அவர் என்ட மகனைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல, என்ன?"

"இல்லை அன்ரி."

அடுத்த நாளே படம் வெளியாகிவிட்டது. நீலச் சேலை, கலங்கிய இரண்டு முகங்கள், பிடித்த கைகள். காணாமற்போனவரின் தாயும் தடைக்கு எதிர்ப்பு என்று மேலே எழுதியிருந்தது. அன்ரி வழமைபோலப் பந்தலுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அவருடைய கதிரை இருந்தது. அதில் இருந்தார். இரண்டு பக்கத்திலும் இருந்த பெண்கள் எழுந்து அடுத்த வரிசைக்குப் போனார்கள். ஒருவரும் ஏசவில்லை.

இறக்கக்கண்டி அக்காவை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"நீங்கள் பொய் சொல்லுறீங்கள் எண்டு நான் சொல்லேல்லத் தங்கச்சி," என்றார். "ஆனா படத்தைப் பாக்கிறவன் உங்களிட்ட வந்து கேப்பானோ? அந்த நாட்டுக்காரர் கண்டால், தாய்மாரே வேண்டாமெண்டால் எங்களுக்கென்ன எண்டு தடையை எடுத்துப்போடுவினம். எங்களுக்கெண்டு உலகத்தில நடந்தது அது ஒண்டுதான். அதையும் விட்டிட்டு நாங்கள் எங்க போறது?"



வீட்டுக்கு வந்து அன்ரி சொன்னார், "அவையில பிழையில்லை. நானெண்டாலும் கதையை விட்டுத்தான் இருப்பன். நான் என்ன செய்தா கதைப்பினமெண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ பிள்ளை."

கேட்டுக்கொண்டு வந்தேன். பந்தலில் யோசித்து ஒரு வழி சொன்னார்கள். கமராவுக்கு முன்னால் அன்ரி பேச வேண்டும். தடை சரி, முழுவதும் சரி, குடும்பத்துக்குப் போட்டதும் சரி என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அவர்களும் கொடுமைக்காரிகள் இல்லை. அந்தப் படத்தை அழிக்க அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

அன்ரி முழுவதையும் கேட்டார். அன்று பின்னேரம் முழுக்க வளவைக் கூட்டினார், கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினார். பிறகு வந்து கதவடியில் நின்றார்.

"அவருக்குப் போட்டது சரி. எத்தினை தரம் வேணுமெண்டாலும் சொல்லுறன். பிள்ளைக்குப் போட்டது சரியெண்டு என்ட வாயால வராது."

"சும்மா ஒரு சொல்லுத்தானே அன்ரி. அந்தப் பிள்ளை இதைக் கேக்கப்போறதுமில்லை."

"ஏலாது பிள்ளை."

அதற்குப் பிறகும் கொஞ்சக் காலம் பந்தலுக்குப் போய்த் தன் கதிரையில் தனியாக இருந்துவிட்டு வந்தார். ஒரு நாள் அந்தக் கதிரை அங்கே இல்லை. நின்றுகொண்டே மகனின் படத்தைப் பிடித்திருந்தாராம். அதன்பிறகு போகவில்லை. வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு இலங்கைத்துறையில் தங்கச்சி வீட்டுக்குப் போனார். அந்த நேரத்திலேயே எனக்கும் கலியாணம் முடிந்து நான் தோப்பூருக்குத் திரும்பினேன்.

கடைசியாக அவரைப் பார்க்கக் கணவரோடு மோட்டார்சைக்கிளில் போனேன். முற்றத்தில் பாயை விரித்து நெத்தலி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நன்றாக வயது போயிருந்தது. என் வீட்டு நலம், மாமியார் நலம் எல்லாம் கேட்டார். பிறகு, "அந்தப் பிள்ளைக்கு விசா குடுத்திட்டினமோ?" என்றார்.

எந்தப் பிள்ளை என்று கேட்கத் தேவை இருக்கவில்லை. அந்தச் செய்தியை நான் சில நாட்களுக்கு முன்புதான் பார்த்திருந்தேன்.

"வேற நாட்டுக்குப் போய்ப் படிச்சு முடிச்சிட்டா அன்ரி. பட்டமளிப்புக்குத் தகப்பனும் போய்ப் பக்கத்தில நிண்டு படம் எடுத்தவர்."

"தகப்பனையும் போக விட்டவையோ?"

"அந்த நாட்டில அவருக்குத் தடை இல்லை."

அன்ரி குனிந்து நெத்தலியைக் கையால் பரவினார்.

"மெலிஞ்சு கிடந்தாவோ?"

"இல்லை. நல்லாத்தான் இருக்கிறா. சிரிச்ச முகம்."

"ம்," என்றார். பாயின் மற்ற மூலைக்குப் போய் அங்கேயும் குந்தியிருந்து, ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டார். நாங்கள் புறப்படும்போது கூப்பிட்டுச் சொன்னேன். தலையை ஆட்டினார். வெயிலுக்கு நேரே இருந்ததால் கண் கூசியது போல. கையை எடுத்து முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, நாங்கள் வேலி திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மழைக்காலத்திலேயே அன்ரி மௌத்தானார், செத்தவீடும் முடிந்துவிட்டது என்று அவருடைய தங்கச்சி சொல்லி அனுப்பினார். இறக்கக்கண்டி அக்காவிடம் சொல்லப் பந்தலுக்குப் போனேன். அவர் மடியிலிருந்த புருசனின் படத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "தடை இன்னும் இருக்குத்தானே தங்கச்சி?" என்று என்னிடம் கேட்டார். ஓம் என்றேன்.